இணுவில், எஃப் 8

ஊர் வீடுகளின் சுவரில் தொங்கும் பழைய படங்களைப் பார்த்து எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “அந்தக் காலத்துக் கமரா, அதுதான் மங்கல்.” முகம் தெரியும், கண் தெரியாது. சேலைக் கரை தெரியும், கரையில் இருக்கும் பூ தெரியாது. குற்றம் முழுவதையும் லென்ஸின் தலையில் போட்டு ஊர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பு தவறு. 1960களிலும் 70களிலும் செய்த மலிவான கைபோகஸ் லென்ஸ்கள் சிலவற்றை இன்றைய டிஜிற்றல் கமராவில் பூட்டி, யாழ்ப்பாணத்து இணுவிலிலேயே வைத்துச் சோதித்த பிறகு இதைச் சொல்கிறேன். அந்தக் கண்ணாடிகள் எங்கள் அல்பங்கள் காட்டுவதைவிட எவ்வளவோ கூடப் பார்த்திருக்கின்றன.

அன்றைக்குக் கமரா என்பது ஒரு வீட்டுச் சாமான் அல்ல. 1970 முதல் 77 வரை இலங்கையில் இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் கப்பலில் வேலை செய்தவரோ, வெளிநாட்டில் படித்துத் திரும்பியவரோ கொண்டுவந்தால்தான் உண்டு. சோவியத்தின் ஜெனித், கிழக்கு ஜேர்மனியின் பிறக்டிக்கா, யப்பானின் பென்ராக்ஸ், யஷிக்கா என்று ஊருக்கு ஒன்றிரண்டு இருந்திருக்கும். மற்றவர்களுக்கு ஸ்ரூடியோக்காரர்தான். கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்றால் யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்தோ சுன்னாகத்திலிருந்தோ காங்கேசன்துறை வீதி வழியே சைக்கிளில் வருவார். தோளில் தோற்பை, அதற்குள் ஒரு கமரா, ஒரு பிளாஷ், இரண்டு றோல் பிலிம். ஒரு றோலில் 36 படம். அதற்குள் மணவறை, தாலிகட்டு, தாய் தகப்பன், மாமன் மாமி, கொழும்பிலிருந்து வந்த பெரியவர் எல்லோரும் அடங்க வேண்டும்.

அப்படித் தொழில் செய்து இப்போது ஓய்ந்திருக்கும் ஒருவரிடம், நான் சோதித்துக்கொண்டிருந்த, ஜெனித்தின் ஹீலியோஸ் லென்ஸைக் கொடுத்தேன். கையில் வாங்கியதும் பார்க்காமலேயே விரல் துவார வளையத்தைத் தேடிப் போனது. ‘டிக், டிக்’ என்று எட்டுக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

“அண்ணை, இதை ரெண்டிலை திறந்து எடுக்கத்தான் இப்ப பெடியள் வாங்கிறவை” என்றேன்.

“ரெண்டிலை திறந்து அடிச்சா மாப்பிளையின்ரை மூக்கு வரும், பொம்பிளை வராது தம்பி. பிறகு ஆர் காசு தாறது? எட்டிலை வைச்சுப் பத்தடியிலை நிண்டு அடிக்கிறது. எல்லாம் வரும்.”

அவர் சொன்னது வெறும் பழக்கமல்ல, கணக்கு. 50 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 8இல் வைத்துப் பத்தடிக்குப் போகஸ் செய்தால், ஏறத்தாழ ஏழரை அடியிலிருந்து பதினான்கு அடி வரை நிற்பதெல்லாம் தெளிவாக விழும். பழைய லென்ஸின் உடம்பிலேயே இந்தக் கணக்கு செதுக்கியிருக்கிறது. தூர எண்களுக்குக் கீழே நடுவில் ஒரு கோடு, அதன் இரு பக்கமும் சோடி சோடியாக 4, 8, 16. எந்தத் துவாரத்துக்கு எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை தெளியும் என்று கமராவைக் கண்ணில் வைக்காமலேயே வாசிக்கலாம். இன்றைய தானியங்கி லென்ஸ்கள் பலவற்றில் இந்த அளவுகோல் கிடையாது. ஸ்ரூடியோக்காரர் கூட்டத்தைப் பார்த்து, தூரத்தைக் கண்ணால் அளந்து, வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு, பிறகு முகங்களை மட்டும் கவனித்ததன் இரகசியம் அந்தச் சோடி எண்கள்.

1990க்குப் பிறகு போரோடு வடக்கின் மேல் பொருளாதாரத் தடை இறுகியது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி தடைப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. பற்றரியை நம்பிய புதிய யப்பான் கமராக்கள் அலுமாரிக்குள் போயின. ஆனால் ஜெனித்-ஈ போன்ற கமராவுக்குப் பற்றரியே வேண்டாம். ஷட்டர் முழுக்க இயந்திரம். வெளிச்சம் அளக்கும் மானியும் செலினியத்தால் ஆனது, வெயில் பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கி முள்ளை அசைக்கும். பிலிம் ஒன்று எப்படியோ வந்து சேர்ந்தால் போதும், அந்தக் கமரா வேலை செய்யும். உலகம் பழசு என்று ஒதுக்கிய சாமான் எங்களிடம் கடைசி வரை உழைத்ததற்கு இப்படி நேரான காரணம் உண்டு.

இனி இன்றைக்கு வருவோம். இந்த லென்ஸ்கள் பலவும் எம் 42 என்ற 42 மில்லிமீற்றர் திருகு மரை கொண்டவை. 1949 முதல் பல நாட்டுக் கமராக்களுக்குப் பொதுவாக இருந்த மரை அது. லென்ஸின் அடிமுகத்துக்கும் பிலிமுக்கும் இடையில் 45.46 மில்லிமீற்றர் தூரம் வேண்டும், நடுவில் ஆடி ஒன்று ஏறி இறங்குவதற்கு. 2008இல் பனசோனிக் ஜி1 வந்து அந்த ஆடியை நீக்கியது. 2010இல் சோனியின் நெக்ஸ் வரிசை, 2013இல் முழு அளவுச் சென்சருடன் ஏ7. சோனியில் அந்தத் தூரம் வெறும் 18 மில்லிமீற்றர். மீதி இருபத்தேழரை மில்லிமீற்றரை ஒரு வெற்று உலோக வளையம் நிரப்பிவிடும். அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லை, ஆகவே கெடுக்கவும் எதுவும் இல்லை. பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது இந்த மலிவான வளையம்தான். ஆடி உள்ள நைக்கனில் இதே லென்ஸைப் பூட்டினால் கதை வேறு. அதன் தூரம் 46.5, ஒரு மில்லிமீற்றர் அதிகம். அந்த ஒரு மில்லிமீற்றரால் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறத்தாழ இரண்டரை மீற்றருக்கு அப்பால் எதையும் தெளிவாகக் காட்டாது. வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லென்ஸ்கள் இப்போது இணுவிலுக்கு வரும் வழி பெரும்பாலும் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பயணப்பெட்டி. ஜேர்மனியிலும் பிரான்சிலும் ஞாயிறு பழம்பொருட் சந்தைகளில் பிறக்டிக்காவின் பென்ராகொன் 50 எஃப் 1.8, ஜெனித்தின் ஹீலியோஸ் 44-2 என்பன இன்னும் மலிவு. பென்ராகொன் 33 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும். பூ, பூச்சி, விளக்குத் திரி எடுக்க அது அருமை. ஹீலியோஸ், ஸைஸின் பயொற்றார் லென்ஸைப் பின்பற்றிச் சோவியத்தில் இலட்சக்கணக்கில் செய்த 58 மில்லிமீற்றர். திறந்து எடுத்தால் பின்னணி இலைகள் சுழன்றதுபோல் விழும். அதற்காகவே இளைஞர்கள் தேடுகிறார்கள்.

சோதனைக்கு ஆய்வுகூடம் வேண்டாம். உதயன் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம் போதும். பொடி எழுத்தும் சிறு படங்களும் மூலை வரை நிரம்பியிருப்பதால் அதைவிடப் பொருத்தமான அட்டை கிடையாது. சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டி, கமராவை முக்காலியில் நேராக நிறுத்தி, பக்கம் முழுவதும் சட்டத்தை நிரப்பும் தூரத்தில் ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும். ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற அமைப்பை முன்கூட்டியே திறந்து வைக்காவிட்டால் கமரா பழைய லென்ஸை லென்ஸாகவே மதிக்காது. போகஸைத் திரையில் பெருப்பித்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். தெளிந்த விளிம்புகளில் நிறம் பூசிக் காட்டும் வசதி எஃப் 2இல் நம்பத்தக்கதல்ல, தெளிவுக்குச் சற்று முன்னும் பின்னும் அது ‘சரி’ என்றே சொல்லும்.

எஃப் 2இல் ஹீலியோஸ் பக்கத்தின் நடுவை வாசிக்கத் தருகிறது, ஆனால் எழுத்துகளைச் சுற்றி ஒரு மெல்லிய பனி. மூலைகளில் பெயர்கள் கரைந்துபோகின்றன. நாலில் பனி விலகுகிறது. ஐந்தரையில் மூலைகள் எழும்புகின்றன. எட்டில், மூலையிலுள்ள அறிவித்தலில் ‘அன்னார் காலஞ்சென்ற’ என்று தொடங்கும் பொடி வரிகளைக்கூடத் தடங்கலின்றி வாசிக்கலாம். 24 மெகாபிக்ஸல் சென்சரில், அரை நூற்றாண்டு வயதான, ஆறு துண்டுக் கண்ணாடி கொண்ட ஒரு மலிவு லென்ஸ் இதைச் செய்கிறது. பென்ராகொனும் எட்டில் இதே அளவு கொடுத்தது, நிறம் மட்டும் சற்றுக் குளிர். அச்சுப் புள்ளிகள் எண்ணக்கூடியதாகத் தெரிந்த நேரம்தான், ஊரின் பழைய தீர்ப்பு என் மனதில் முழுதாக உடைந்தது.

தூரத்துச் சோதனைக்குப் பனை வட்டு. நல்ல வெள்ளை வானத்தின் முன் ஓலை நுனிகளைப் பார்த்தால் லென்ஸின் குற்றங்கள் எல்லாம் வெளிவரும். திறந்த துவாரத்தில் ஓலை விளிம்பில் ஊதாக் கோடு ஓடும். ஐந்தரைக்கு மேல் அநேகமாக மறையும். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் நிற்கும்போது எடுத்தால் படம் முழுவதும் வெளிறும். பழைய லென்ஸ்களில் கண்ணாடி மேல் ஒற்றைப் பூச்சுத்தான், பல்லடுக்குப் பூச்சைப் பென்ராக்ஸ் பரவலாகக் கொண்டுவந்தது 1971இல். உள்ளங்கையால் மறைப்புப் பிடித்தால் பாதிக் குறை தீரும். துவாரத்தைப் பதினாறுக்குச் சுருக்கினால் படத்தின் நடுவில் சில நேரம் வெளிறிய வட்டம் ஒன்று விழும். பிலிம் மங்கலான பரப்பு, சென்சர் பளபளக்கும் பரப்பு. அதில் பட்ட ஒளி லென்ஸின் பின்கண்ணாடிக்குத் திரும்பிப் போய் மறுபடி வருகிறது. லென்ஸ் செய்தவர்கள் கனவிலும் நினைத்திராத குறை இது.

எங்கள் காலநிலையும் ஒரு சோதனைதான். மாரியில் ஈரம் ஏறித் தோலுறைக்குள் கிடந்த லென்ஸில் பூஞ்சணம் நூல்நூலாகப் படரும். தோலுறை அழகு, ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். லென்ஸை அதற்குள் வைக்கவே கூடாது. செம்மண் தூசி போகஸ் வளையத்தின் மரைக்குள் போனால் திருப்பும்போது நறநறவென்று கேட்கும். தோரியம் கலந்த கண்ணாடி உள்ள, பென்ராக்ஸின் சில ரக்குமார் லென்ஸ்கள் வருடம் போகப் போகத் தேநீர் நிறமாகிவிடும். அவற்றுக்கு மருந்து வெயில், அது இங்கே இலவசம்.

இணுவிலில் ஒரு லென்ஸைச் சோதிக்க வந்தவர் தவில் பக்கம் போகாமல் திரும்ப முடியாது. தவில் வித்துவான் விசுவலிங்கமும் அவர் மகன் தட்சிணாமூர்த்தியும் (1933–1975) பிறந்து வாசித்த ஊர் இது. தட்சிணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றது. அந்தத் தலைமுறை வித்துவான்களின் படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் வாசிப்பு இல்லை, வாத்தியத்தோடு அமர்ந்த அமர்வு மட்டும் இருக்கும். காரணம் பிலிம். 100 ஏ.எஸ்.ஏ. பிலிமில் இரவுக் கச்சேரியை எடுக்க வேண்டுமென்றால் பிளாஷ் அடிக்க வேண்டும். பிளாஷ் முன்னால் நிற்பவரை வெளுப்பாக்கி, பின்னால் இருக்கும் கோயிலையும் சனத்தையும் இருட்டுக்குள் தள்ளிவிடும். இன்று ஐ.எஸ்.ஓ. 3200க்கு ஏற்றினால் கோயில் விளக்கு வெளிச்சமே போதும். ஆனால் கையால் போகஸ் பிடிப்பது அன்று போலவே இன்றும் பொறுமையான வேலை. வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி, இரண்டும் கண்ணுக்குப் பிடிபடாத வேகம். கையைத் துரத்தினால் ஒன்றும் கிடைக்காது. தவிலின் வலந்தலை விளிம்பில் போகஸை நிறுத்தி வைத்துவிட்டு, வித்துவானின் முகம் அந்தத் தளத்துக்குக் குனியும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். தாளம் தெரிந்தவனுக்கு அந்தக் கணம் முன்கூட்டியே தெரியும். தானியங்கிப் போகஸுக்குத் தாளம் தெரியாது.

கந்தசுவாமி கோயில் மஞ்சம் இன்னொரு பாடம் சொன்னது. பெரிய சந்நியாசியார் என்ற துறவியின் காலத்தில் எழுந்த அந்தப் பெருமஞ்சம் என்ற மர ஊர்தி தைப்பூசத்தன்று வீதிக்கு வரும்போது 50 மில்லிமீற்றர் லென்ஸ் போதாது. சிறிய சென்சர் கமராவில் 50 என்பது 75இன் பார்வையைத்தான் தரும். பின்னால் போகச் சனக்கூட்டமும் மதிலும் விடாது. 28 அல்லது 29 மில்லிமீற்றர் பழைய லென்ஸ் வேண்டும், அவையும் மலிவுதான். எஃப் 8இல் எடுத்த படத்தைப் பெருப்பித்தால் மரவேலையின் ஒவ்வொரு உருவமும் தனித்தனியே நிற்கிறது, கீழே வடம் பிடிப்பவர்களின் கைகளோடு சேர்த்து. இதே படத்தை எஃப் 2.8இல் எடுத்தும் பார்த்தேன். உருவங்களில் ஒரு வரிசை மட்டும் அழகாக நின்றது. கைகள் போய்விட்டன.

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு பிலிமா டிஜிற்றலா என்பதில் இல்லை. துவாரத்தில் இருக்கிறது. அன்று எட்டில் வைத்ததால் படத்துக்குள் ஊர் வந்தது: கிடுகு வேலி, துலாக்கிணறு, படலையில் சாத்திய சைக்கிள், முற்றத்தில் காயும் மிளகாய். அவற்றை எடுக்க எவரும் நினைக்கவில்லை, எடுபட்டன. இன்று வேலி மதிலாகிவிட்டது. துலா போய் மோட்டர் வந்தது. ஒழுங்கைகளுக்குக் கொங்கிறீற். 2015இல் காங்கேசன்துறை வரை புகையிரதம் திரும்பி ஓடத் தொடங்கியது. இவ்வளவு மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கலியாணப் படங்களும் பிறந்தநாள் படங்களும் எல்லாமே திறந்த துவாரத்தில் எடுக்கப்படுகின்றன. ஒரு முகம், அதன் பின்னால் பச்சையும் பொன்னுமாய் உருகிய வட்டங்கள். அந்தப் படம் இணுவிலில் எடுத்ததா இலண்டனில் எடுத்ததா என்று நாளைக்கு யாராலும் சொல்ல முடியாது. மங்கலான பின்னணி அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு நிகழ்வில் பத்துப் படம் அப்படி எடுப்பவர், வளையத்தை எட்டுக்குத் திருப்பி இரண்டு படமாவது எடுத்து வைக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். பிலிமுக்குக் காசு, தடை என்று இப்போது எதுவும் இல்லையே.

லென்ஸ் இவ்வளவு பார்த்ததென்றால் அல்பத்தில் அது ஏன் இல்லை? அன்றைய அச்சு பெரும்பாலும் தபாலட்டை அளவு. நெகட்டிவில் இருந்ததில் ஒரு பங்குதான் அதில் இறங்கும். வெயில் படும் சுவரில் தொங்கி நிறம் வெளிறியது. படம் தொலைந்தவர்கள் உறவினரிடமிருந்த பிரதியை மறுபடி படமெடுத்துப் பிரதி செய்தார்கள், பிறகு பிரதியின் பிரதி. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது சனம் கையில் எடுத்தது காணி உறுதி, சான்றிதழ், நகை. அல்பம் எடுத்தவர்களும் உண்டு. நெகட்டிவை எடுக்க யாருக்குத் தோன்றியிருக்கும்? அது படமாகவே தெரியாதே. 1996இல் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரை இல்லை. நனைந்த கடதாசிகளோடு நெகட்டிவ்களும் போயின. எல்லாம் போகவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு கலியாணக் குழுப்படம் உண்டு. அச்சில் முன்வரிசை முகங்களும், பின்னால் திண்ணைக்கு மேலே ஒரு கறுப்புத் திட்டும் மட்டும். அதன் நெகட்டிவ் பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் அகப்பட்டது. பழைய லென்ஸைக் கொண்டே அதைப் படமெடுத்தேன். திரையில் கறுப்பு வெள்ளையைத் திருப்பிப் போட்டதும் அந்தக் கறுப்புத் திட்டு, தாவாரத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட புகையிலை என்று தெரிந்தது. இலையின் நடுநரம்பு கூடத் தெரிந்தது. குசினி வாசலில், படத்துக்கு அழைக்கப்படாத ஒரு பெண், சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி நிற்கிறார். அச்சில் அவர் இல்லவே இல்லை. இணுவில் புகையிலை விளைந்த ஊர் என்று எழுதிவைத்த எந்த வரியும் எனக்கு இப்படி ஊரைக் காட்டியதில்லை.

நெகட்டிவைப் படமெடுக்கும் செய்முறை எளிது. எம் 42 நீட்டு வளையங்கள் வழக்கமாக 7, 14, 28 மில்லிமீற்றர் என மூன்றாக வரும். சிறிய சென்சர் கமராவில் 50 மில்லிமீற்றர் லென்ஸோடு 28ஐப் பூட்டி, மிச்சத்தைப் போகஸ் வளையத்தால் சரிசெய்தால் ஒரு 35 மில்லிமீற்றர் நெகட்டிவ் சட்டத்தை நிரப்பிவிடும். கைபேசித் திரையை வெள்ளையாக்கி, அதற்கு மேலே சில சென்ரிமீற்றர் உயரத்தில் நெகட்டிவைப் பிடிக்கவேண்டும். திரையோடு ஒட்டினால் அதன் புள்ளிகளும் படத்தில் விழும். துவாரம் எட்டு. கறுப்பு வெள்ளை சுலபம், நிற நெகட்டிவின் செம்மஞ்சள் அடிநிறத்தைக் கழிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய ஆவணத் திட்டம் எங்கள் ஏடுகளையும் பத்திரிகைகளையும் இலக்கமாக்கிக் காப்பதைப் போல, ஒவ்வொரு வீடும் தன் நெகட்டிவுக்கு இந்த அளவாவது செய்யலாம்.

ரின்னைத் திறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், மேற்பரப்பு உரிந்துவரும். வினாகிரி மணம் அடித்தால் அந்தப் பிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், அந்த மணம் பக்கத்திலுள்ள மற்றச் சுருள்களையும் கெடுக்கும். அந்தச் சுருளை வேறாக எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, மாரி பிறக்குமுன் முதலில் அதைப் படமெடுங்கள்.